எங்கள் வீட்டுக்காரர் மாட்டிய செனன் லைட்

ஒரு வீட்டில் எரிகிற லைட்டெல்லாம் ஒரே நேரத்தில் மங்கிப் போகுமா? எங்கள் வீட்டில் போனது. அப்படித்தான் என் வீட்டுக்காரர் சொன்னார். முதலில் குசினி பல்பு சரியில்லை என்று கழற்றி எறிந்துவிட்டுப் பெரியதாக ஒன்றைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் ரசத்தில் மிதக்கிற கடுகைக்கூட எண்ணலாம். அவருக்கு மட்டும் போதவில்லை. பிறகு டிவி மங்கியது. பிறகு அவருடைய போன். "தோட்டத்துக்குன்னா கரண்டக்கூட பாதியாத்தான் அனுப்புறானுங்க" என்று கண்ணில் படாதவனையெல்லாம் ஏசினார். ஏசட்டும், வேலை ஓய்ந்த மனுசனுக்கு வாய்தானே மிச்சம் என்று நானும் விட்டுவிட்டேன். கடைசியில் காரில் வந்து நின்றார்.

"முன்னுக்கு ஒண்ணுமே தெரியல. ஹெட்லைட்டு செத்துப் போச்சு. செனன் போடணும்."

"செனன்னா என்னங்க?"

"வெள்ள லைட்டு. புது வாகனத்துல எல்லாம் வருதே, அது. இருட்டப் பகலாக்கிரும்."

அவர் எங்கள் தோட்டத்து லொறி டிரைவராக இருந்தவர். யட்டியாந்தோட்டை டவுனுக்கு மேலே, கீழ்ப்பாதி ரப்பரும் மேல்பாதி தேயிலையுமான தோட்டம். மலையில் எடுத்த கொழுந்தைத் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கொண்டு போனார், உரமூட்டை ஏற்றினார், வலி கண்ட பெண்களை அதே லொறியில் மெத்தை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். வயது முடிந்து லொறியை விட்டு இறங்கியதும் அவர் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, நாங்கள் இருக்கிற வரிசை வீட்டு லயத்துக் கோடியில் தகரக் கொட்டகை அடித்து அதற்குள் நிறுத்தினார். காலையில் எழுந்ததும் அதைத்தான் துடைப்பார். அந்தக் காருக்கு நடந்த மரியாதை எனக்கு ஒரு நாளும் நடந்ததில்லை.

அப்போது எங்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வலி எந்த நேரமும் வரலாம். ஆஸ்பத்திரி கீழே, கடைவீதியையும் தாண்டி. அதற்குப் போகிற வழியில் பாதி தோட்டத்து ரோடு. வளைவுக்கு வளைவு பள்ளம், தூறல் விழுந்தால் மூடுபனி. பக்கத்து லயத்தில் ஆட்டோ வைத்திருக்கிறவர் ஒரு நாள் வாசலில் நின்று, "அண்ணே, ஒரு சத்தம் குடுங்க, எந்நேரமும் ஆட்டோவக் கொண்டாறேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இவருக்கு வந்ததே கோபம்!

"இந்தத் தோட்டத்துப் பொம்பளைங்க பாதிப் பேரு என் லொறியில போய்த்தான் பெத்தாங்க. என் மக மட்டும் ஆட்டோவுல போறதா? நான் கொண்டு போவேன். நான்தான் கொண்டு போவேன்!"

மகளும், "அப்பாவே கொண்டு போகட்டும்மா, அப்பதான் எனக்குப் பயமில்லாம இருக்கும்" என்றாள். என்னிடமும் லைசன் இருக்கிறது. அப்பாவும் மகளும் அதை ஒரு பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. எனக்குக் கார் பழக்கியவரும் இவர்தான், பழக்கிய மறுநாளே சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டவரும் இவர்தான். "நீ கிளச்சு மிதிக்கிறது அம்மியில மஞ்ச அரைக்கிற மாதிரி இருக்கு" என்பார், நாலு பேர் இருக்கும்போது பார்த்து.

ஆக, மகளை இருட்டிலும் பனியிலும் பத்திரமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கத்தான் செனன். அந்த நியாயத்துக்கு எதிராக நான் என்னத்தைப் பேச? ஒரு சனிக்கிழமை மத்தியானம், மகளுக்குத் துணையாக என் தங்கச்சியை வைத்துவிட்டு இரண்டு பேரும் யட்டியாந்தோட்டைக்கு இறங்கினோம்.

வாகனங்களுக்கு வயர் வேலை பார்க்கிற கடை அது. வேலை செய்கிறவர் சிங்களவர். எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரர் எல்லாரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பாஸ் பெட்டியைப் பிரித்தார். இரண்டு பல்பு, இரண்டு சின்ன இரும்புப் பெட்டி, ஒரு கட்டு கறுப்பு வயர். அந்த இரும்புப் பெட்டிதான் கரண்டைக் கூட்டிக் கொடுக்குமாம். பாஸ் எங்கள் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: இந்த ஹெட்லைட் சாதாரண பல்புக்குச் செய்தது, இதில் செனன் போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் நாலு பக்கமும் சிதறும், எதிரில் வருகிறவன் கண் கூசும், பனிக்கு வெள்ளையைவிட மஞ்சள்தான் நல்லது, நல்ல மஞ்சள் பல்பாகப் பார்த்து நானே போட்டுத் தருகிறேன். என் வீட்டுக்காரர் அவருடைய சிங்களத்தைவிட நல்ல சிங்களத்தில், நான் லொறி ஓட்டத் தொடங்கியபோது நீங்கள் தாய்ப்பால் மறந்திருக்கமாட்டீர்கள் என்றார். பாஸ் சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

பழைய பல்பைக் கழற்றியதும் பாஸ் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார். இவர் என்னைக் கூப்பிட்டார். எங்களுக்குப் புது டயர் போட்டாலும் பொட்டு வைத்துத்தான் போடுவோம். அதற்காகச் சந்தனமும் குங்குமமும் எலுமிச்சம்பழமும் கையோடு கொண்டு போயிருந்தேன்.

"நல்ல காரியத்துக்குப் போடுறோம். நீயே ஒரு பொட்டு வச்சுரு."

வைத்தேன். பல்பை உறையிலிருந்து எடுத்து, அதன் கண்ணாடியில் பாங்காகச் சந்தனத்தைத் தடவி, நடுவில் குங்குமமும் வைத்தேன். மற்றதுக்கும் அப்படியே. இவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். தேத்தண்ணிக் கோப்பையோடு திரும்பி வந்த பாஸ், "அய்யோ நோனா!" என்று போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அந்தக் கண்ணாடியில் விரல்கூடப் படக்கூடாதாம். பட்ட இடம் சூட்டில் வெடித்துவிடுமாம். ஸ்பிரிட் போத்தலையும் துணியையும் எடுத்து, முணுமுணுத்துக்கொண்டே முருகன் அருளைத் துடைத்து எடுத்தார்.

"டீச்சராயிருந்து இதுகூடவா தெரியாது உனக்கு?" என்றார் இவர், பாஸுக்குக் கேட்கும்படி.

எனக்கு வந்த எரிச்சலில் மிச்சச் சந்தனத்தை அவர் முகத்தில் அப்பியிருப்பேன். பாஸ்தான் பாவம் பார்த்து, இரும்புப் பெட்டியில் எத்தனை பொட்டு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வைத்தேன்.

எல்லாம் பூட்டி முடிய நாலு மணி தாண்டிவிட்டது. பாஸ் சுவிட்சைப் போட்டார். முதலில் நீலமாக ஒரு துடிப்பு, பிறகு மெல்ல மெல்ல ஏறி ஒரே வெள்ளை. பட்டப்பகலிலேயே கடையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எதிரில் வடை விற்றவர் தட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நான் குடையை விரித்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் காருக்கு முன்னால் போய்க் குனிந்து, அந்த லைட்டுக்குள்ளேயே பார்த்தார்.

"பரவாயில்ல. கொஞ்சம் தெளிவு" என்றார்.

பாஸ் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாமான் சட்டு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பெரிய ரோட்டில் எதிரே வந்த பஸ் லைட்டை அடித்து அடித்துக் காட்டியது. பக்கத்தில் வந்ததும் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டு போனார்.

"என்ன சொல்றான்?"

"உங்க பரம்பரையை விசாரிக்கிறான்."

"பொறாமை" என்றார் இவர், மகிழ்ச்சியாக.

தோட்டத்து ரோட்டில் ஏறியதும் தூறல் பிடித்தது, கூடவே மூடுபனி. பாஸ் சொன்னது சரி. வெளிச்சம் பனியில் மோதி வெள்ளைச் சுவராக நின்றது. கிட்டத்தில் இருப்பது பளிச்சென்று தெரிந்தது, அதற்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இவர் கொஞ்சமும் தயங்காமல் ஓட்டினார். எந்த வளைவில் எந்த கியர், எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும், ஒன்றும் பிசகவில்லை. பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம். தோட்டத்து மேனேஜரான தொரையின் வாகனம் வந்தால் ரோட்டில் போகிறவர்கள் தண்ணி ஓடுகிற கான் ஓரமாக ஒதுங்கி, குடையை மடக்கிக்கொண்டு நிற்பார்கள். இப்போதைய தொரை சின்ன வயதுக்காரர். நிற்காதீர்கள் என்று அவரே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். பழகிய உடம்பு கேட்பதில்லை. இந்த மலையில் வெள்ளை லைட் போட்ட வாகனம் அவருடைய ஜீப் ஒன்றுதான். செனன் வாங்கும்போது இது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கோயிலுக்குக் கீழே உள்ள வளைவில் திரும்பினோம். எதிரே விறகுக் கட்டுகளோடு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ரப்பர் மலையில் சொல்லாமல் வெட்டிய விறகு. லைட் மேலே விழுந்ததும் தொம் தொம்மென்று கட்டுகளெல்லாம் கானுக்குள் விழுந்தன. தலையில் போட்டிருந்த சாக்கை உருவிக்கொண்டு, கையைக் கட்டி, தலையைக் குனிந்து வரிசையாக நின்றார்கள். ஒருத்தி நெற்றிக்குக் கையைக் கொண்டு போய் சலாமே போட்டாள். அவர்கள் சேலையின் பூவைக்கூட என்னால் பார்க்க முடிந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பாத்தியா" என்றார் இவர். "இந்த நேரத்துக்கு ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. மகளக் கொண்டு போறதுக்குச் சுகம்."

நான் வாயிலிருந்து கையை எடுத்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"ரோடு காலியாக் கெடக்குன்னேன்."

"நிப்பாட்டுங்க."

"எதுக்கு?"

"நிப்பாட்டுங்கன்னு சொல்றேன்ல!" வகுப்பில் போடுகிற சத்தம் அது. கார் நின்றது.

எங்கள் அடுத்த வீட்டுக்காரி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். "அட, நம்ம அண்ணனா! நாசமாப் போக! தொரைன்னு நெனச்சு வெறகெல்லாம் கான்ல போட்டுட்டமே!"

"நீ எங்கம்மா நின்ன?" என்றார் இவர்.

"எங்க நின்னேனா? உங்க லைட்டுக்கு நேராத்தான நின்னேன். கண்ணே அவிஞ்சு போச்சு" என்று சிரித்துக்கொண்டே அவள் விறகைத் தூக்கப் போனாள். மற்றவர்களும் எங்களை ஏசிக்கொண்டே கானுக்குள் இறங்கினார்கள்.

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. "எவ்வளவு நாளா?" என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன்.

"லைட்டுன்னா மாத்திரலாம்ல" என்றார் மெதுவாக. "கண்ணுன்னு சொன்னா நீ சாவிய வாங்கிருவ. பொறகு மகள யாரு கொண்டு போறது?"

"பாவி மனுசா! அவளையும் வயித்துல உள்ளதையும் வச்சுக்கிட்டு இந்த ரோட்டுல..." எனக்கு அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது.

"இந்த ரோடு எனக்கு மனப்பாடம்."

"ரோடு மனப்பாடம். ரோட்டுல நிக்கிறவங்க?"

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார். அந்த வெளிச்சத்தில் ஊசி விழுந்திருந்தாலும் நான் எடுத்திருப்பேன். அவர் பானெட்டில் கையை வைத்து, தடவித் தடவி, காரின் முன்பக்கமாக இந்தப் பக்கம் வந்தார். நான் உள்ளேயே நகர்ந்து அவர் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"மகள நான் கொண்டு போறேன்" என்றேன். "நீங்க பக்கத்துல இருந்து வளைவு சொல்லுங்க. திங்கக்கெழம கண்ணுக்குக் காட்டப் போறோம்."

"ம்" என்றார்.

கார் ஒரு குதி குதித்துத்தான் கிளம்பியது. கிளச்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வளைவு போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தொரைன்னா நெனச்சாங்க?"

"ஆமா."

"எல்லாருமா நின்னாங்க?"

"எல்லாரும். கையக் கட்டிக்கிட்டு, தலையக் குனிஞ்சிக்கிட்டு. ஒருத்தி சலாமே போட்டா."

அவர் பக்கத்துக் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றார். "நானும் ஒரு தரம் தலைய ஆட்டியிருப்பேன்."