வியாழக்கிழமைக் கப்பல்

2024 ஜூன் 13, வியாழன். காலை ஆறு மணிக்கு வழக்கம்போல, வேதாரண்யம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் அலுவலக மொட்டைமாடியில், காற்றை உறிஞ்சும் கருவியின் ஃபில்டர் தாளை மாற்றினேன். அதில் படிவது கடலிலிருந்து வந்ததா, உப்பளத்திலிருந்தா, வயலிலிருந்தா என்று பிரித்துச் சொல்வது என் வேலை. வெள்ளிக்கிழமை காலையில் எடுக்கும் தாளில் மட்டும் புகைக்கரி இருந்தது. வியாழன்தோறும் கடந்துபோகும் கப்பலின் புகை என்று முடிவுகட்டி, வரைபடத்தில் கடல்மேல் நான்கு அம்புக்குறிகளும் போட்டுவிட்டேன். மறுநாள் அறிக்கை போக வேண்டும்.

மாலையில், காற்றின் திசையைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க மாடிக்குப் போனேன். மருதாணிச் சிவப்புத் தாடியும் மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையுமாக வாட்ச்மேன் பாய், சாம்பிராணிச் சட்டியைக் கருவியின் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன பாய் இது?”

“எல்லா ரூமுக்கும் போடுறேன்ல சார், வாராவாரம் இதுக்கும் காட்டிடுவேன். பாருங்க, எப்படி இழுக்குது!”

“எத்தனை நாளா?”

“நீங்க கொண்டாந்து வச்ச வாரத்துலேருந்து. ஒருநாளாவது ரிப்பேர் ஆயிருக்கா, சொல்லுங்க?”

ஆகவில்லை. என் குறிப்பேடும் அதையேதான் சொல்கிறது. இவ்வளவு தூரம் கடலைத் தேடிய நான், கீழே வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை. நிறுத்தியபின் கருவி நின்றுபோனால் அதற்கும் ஒரு கப்பலை நான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை முதல் வேலையாக நான்கு அம்புகளையும் அழித்தேன். ‘புகை வந்த இடம்’ என்ற கட்டத்தில், ‘எங்கள் வாட்ச்மேன்’ என்று எழுதினேன்.