சுண்ணாம்பு அடித்த சுவர்

நிலநடுக்கத்தால் கடல் கரையோர ஊர்களுக்குள் புகுந்துபோன பிறகு, ஆய்வுக் குழுக்களை ஒருங்கிணைக்க வந்த மேடம் எங்கள் நெய்வேலி விருந்தினர் விடுதியில் தங்கினார். நான் அவருக்கு ஜீப் ஓட்டினேன். நரைத்த பின்னல் அவருக்கு. பதில் சொல்லுமுன் கண்ணை மூடிக்கொள்வார்.

கடலோரத்தில் ஒரு பெண், தண்ணீர்க் கறை படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினாள்.

"மேடம், தண்ணி ஏறுன உயரத்த இன்னும் அளக்கல! இங்க நிக்கிறது இந்த ஒரு வீடுதான்," என்று பதறினார்கள் குழுவினர்.

"புள்ள இந்தச் செவுத்தோரந்தாங்க கெடந்துச்சு. கறையப் பாத்துக்கினே இருக்க முடியலீங்க," என்றாள் அவள்.

மேடம் கண்ணை மூடினார். "அடிக்கட்டும். விட்டுடுங்க."

திரும்பும் வழியில் வடலூர் தாண்டியதும் மாலைப் பனியில் சுரங்கத்து விளக்குகள் மிதந்தன.

"கறை எவ்வளவு உயரத்துல இருந்துச்சுப்பா?"

"கவனிக்கலீங்க மேடம்."

"நானும்தான்," என்றார்.

சுவர் முழுக்க வெளுக்கும்வரை நாங்கள் இருவரும் அந்தக் கறையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருந்தோம்.