அழிக்காமலே போன பெயர்

எங்கள் வாய்க்காலில் யார் வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்ற முறைப் பட்டியலை நோட்டிலிருந்து டேட்டாபேஸுக்கு மாற்றியது நான்தான். வயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்குமென்ட்: பட்டாதாரர், சாகுபடி செய்பவர், முறை நாள், போன் நம்பர். சேர்ப்பது, தேடுவது, மாற்றுவது, அழிப்பது என்று நாலே வேலை. இதில் என்ன பிரமாதம் என்று திமிராகத்தான் இருந்தேன்.

சம்பா பால் பிடிக்கும் நேரம். ஒரு நாள் காலையில் ஓர் அம்மா வந்து நின்றார். சிங்கப்பூரில் இருக்கும் என் மாமாவின் நிலத்தைப் பல வருடமாகக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. நாளைக்கே நிலத்தை விடச் சொன்னால், அவர் அங்கே பயிர் வைக்கிறார் என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி எங்கள் பட்டியல்.

“இன்னிக்கு என் முறைங்க. லிஸ்ட்ல என் பேரே இல்லைன்னு மடைக்காரரு தொறக்க மாட்டேங்கறாரு. கதிரு காயுதுங்க.”

தேடினேன். மாமாவின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. அந்த அம்மாவின் பெயரும் இல்லை, முறை நாளும் இல்லை. எனக்கு முதல் சந்தேகம் மடைக்காரர் மேல். இந்த அம்மாவின் முறை போனால் லாபம் மேல்மடை ஆட்களுக்கு; அவர்களோடு டீக்கடையில் அப்படி என்ன ஓயாத பேச்சு? போன் போட்டுக் கேட்டேவிட்டேன்.

“எனக்கு மடையத் தொறக்கத்தாம்மா தெரியும். உங்க லிஸ்ட்ல யாரு கை வச்சதுன்னு அதுலயே பாருங்க” என்று வெடுக்கென்று வைத்துவிட்டார்.

பார்த்தேன். கடைசியாகக் கை வைத்தது நான். மாமா புது நம்பர் வாங்கியிருந்தார். நம்பரை மட்டும் மாற்றுவதாக நினைத்து, முழு டாக்குமென்டையும் எடுத்துவிட்டு, இரண்டே வரி உள்ள புதியதை அந்த இடத்தில் வைத்திருக்கிறேன். மீதியெல்லாம் எங்கே என்று அந்த டேட்டாபேஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். வெட்கமாக இருந்தது.

நான் மாற்றியதற்கு முந்தைய நாள் சேமித்து வைத்திருந்த பட்டியலிலிருந்து பழையதை எடுத்துத் திருப்பிப் போட்டேன். மடை திறந்தது.

“தப்பு என்னுதுதாங்க” என்றேன்.

“தப்புன்னு சொல்றீங்க. இத்தன பேருல, உங்க மாமா நெலத்துல, என் பேரு மட்டும் பாத்துப் போயிருக்கே!”

அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொல்லி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். எனக்குக் கோபமான கோபம். என்னைப் போயா சந்தேகப்படுவது?

சாயங்காலம் மாமா கூப்பிட்டார். நடந்த கூத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“தானாப் போன பேர நீ ஏம்மா திருப்பி வச்சே?” என்றார்.