ஜனவரித் தாளில் நின்ற அம்மாள்

நான் இங்கிலாந்துக்குப் போனதில்லை. போக வேண்டும் என்ற ஆசையும் இருந்ததில்லை. ஆனாலும் அந்த நாட்டில் பன்னிரண்டு ஊர்களின் பழைய தெருக்கள் எனக்கு நன்றாகத் தெரியும். எந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இடிந்திருந்தது, எந்தக் கடை வாசலில் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்லிவிடுவேன். எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில், சிவகாசிக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்ததால் வந்த அறிவு இது. வேறு எதற்கும் உதவியதில்லை.

அங்கே நான் படங்களைத் திருத்துகிறவன். மூலப் படத்தில் இருக்கும் கீறல், புள்ளி, கறை எல்லாவற்றையும் பிரஷ்ஷால் அடைத்து, அச்சுக்குத் தயார் செய்து கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சாமி படங்கள். மகாலட்சுமியின் கன்னத்தில் பரு வராமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். எனக்குப் பெரிய பக்தியும் கிடையாது, அதை எதிர்த்துப் பேசும் வீம்பும் கிடையாது. ராஜபாளையத்திலிருந்து காலையில் பஸ் ஏறுவேன், சாயங்காலம் திரும்புவேன்.

எனக்கு ஓர் அக்கா. என்னைவிட நன்றாக வரைவாள். டிராயிங் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். டீச்சர் வேலைக்குக் காத்திருந்தபோதே சேத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை ராணுவத்தில் இருந்தார். வடக்கே மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து அவர் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். சேலைகள் எல்லாம் சந்தனமும் சாம்பலுமாக வெளுத்துப் போயின. கல்யாண வீட்டிலிருந்து அவளையும் அழைப்பார்கள். தாலி கட்டி முடிந்து, பந்தி தொடங்கிய பிறகு போனால் போதும் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். நாள் முழுக்க அடுப்படியில் இருப்பாள். மத்தியானம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் முதலாளியிடம் போய் அவளுக்கு ஒரு வேலை கேட்டேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. அக்கா வரைந்த ஒன்றிரண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். நன்றாகவே பார்த்தார். பிறகு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் சாமி படத்தில் இன்னார் கை பட்டது என்று வியாபாரிகள் காதுக்குப் போனால் காலண்டர் மாதிரிகள் வைத்த ஆல்பத்தைத் திறந்தே பார்க்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆடிப் பெருக்கன்று புதிய ஆல்பம் போடும்போது எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினால்கூடக் கோபப்படும் ஆட்கள் அவர்கள்.

இந்த நிலையில்தான் மெட்ராஸிலிருந்து ஓர் ஏஜென்ட் அந்தப் பன்னிரண்டு போட்டோக்களைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் ஒரு கம்பெனி காலண்டர் போடுகிறதாம். பட்டணம், கிராமம், துறைமுகம், சந்தை என்று அந்த நாட்டின் பழைய நாள் படங்கள். அங்கே வயதானவர்கள் இவற்றை ஆசையாக வாங்கி மாட்டுவார்களாம், சின்ன வயது ஞாபகம் வருமாம். படங்களைச் சுத்தம் செய்து, சாம்பிள் தாள் போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார்.

போட்டோக்கள் எல்லாம் பழுப்பேறிய கறுப்பு வெள்ளை. முதலாளிக்குச் சந்தேகமே வரவில்லை, கலர் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். எங்களில் ஒருவருக்கும்கூடச் சந்தேகம் வரவில்லை. கலர் இல்லாத காலண்டரை நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் ஆள் படம் போட்டுச் சுவரில் ஒட்டினால் அது கண்ணீர் அஞ்சலி.

சாமி இல்லாத வேலை என்பதால் முதலாளிக்கு அக்கா ஞாபகம் வந்தது. இந்த வேலை முடிகிற வரைக்கும் வரட்டும் என்றார். ‘முடிகிற வரைக்கும்’ என்பதை அழுத்திச் சொன்னார்.

இருட்டறையை ஒட்டி, சன்னலோரம் அவளுக்கு ஒரு மேஜை போட்டார்கள். ஒவ்வொரு போட்டோவையும் பெரிய தாளில் பிரதி எடுத்துக் கொடுப்போம். தண்ணீரில் கரைத்த சாயத்தை அதன்மேல் பஞ்சாலும் பிரஷ்ஷாலும் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். அக்காவுக்கு அவசரம் இல்லை.

எந்தக் கல் என்ன நிறம், எந்தக் கதவு என்ன நிறம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. எல்லாம் எங்கள் யூகம்தான். தூரத்து மலைக்கு எங்கள் ஊர் மேற்கு மலையின் நீலத்தைக் கொடுத்தாள். வண்டித் தடத்துக்குச் செம்மண் போட்டாள். ஒரு படத்தில் பால்வண்டிப் பக்கத்தில் நாய் ஒன்று நின்றது. நாய் என்றால் எங்களுக்கு ராஜபாளையத்து நாய்தான். வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாக அதை மாற்றிவிட்டாள். கூரை வேய்ந்த வீடுகளின் படத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரனும் குடிசையிலதான் இருந்திருக்கான் என்று பைண்டிங் ஆட்கள் கொஞ்ச நாள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இன்னொரு படத்தில் மில் விட்டு ஆட்கள் வெளியே வருகிறார்கள். தலையில் தொப்பி, பின்னால் உயரமான புகைக்கூண்டு. தொப்பியைக் கழற்றிவிட்டால் எங்கள் ஊரில் ஷிப்டு முடியும் நேரம்தான். அந்த ஒரு படத்துக்கு மட்டும் யாரும் சந்தேகம் கேட்கவில்லை.

அக்கா மாறிவிட்டாள். காலையில் எனக்கு முன்னால் கிளம்பி, சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நிற்பாள். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். வீட்டுக்கு வந்தபிறகும் அந்தத் தெருக்களைப் பற்றியே பேசுவாள். ஆனால் ஒவ்வொரு படம் முடியும்போதும் அவள் முகம் கொஞ்சம் சுருங்கும். ஒருநாள் பஸ்ஸில், “இது முடிஞ்சிட்டா பொறவு அந்த அடுப்படிதானாலே?” என்றாள். முதலாளி மனம் மாறலாம் என்று சொல்ல நினைத்தேன். எனக்கே நம்பிக்கை இல்லாததைச் சொல்லப் பிடிக்கவில்லை. வேலையைப் பார்த்துவிட்டு அவரே விடமாட்டேன் என்று சொல்லும்படி செய்ய வேண்டும் என்பது அவள் கணக்கு. அதனால்தான் ஒரு செங்கலைக்கூடச் சும்மா விடவில்லை.

ஜனவரிக்கான படத்தைக் கடைசியில்தான் எடுத்தாள். ஒரு கிராமத்து வீட்டு வாசல். கதவுக்கு முன்னால் ஓர் அம்மாள் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறாள். கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு உடுப்பு, தலையிலும் கறுப்புத் துணி. வெள்ளைக்காரர்களிடம் புருசன் போனவள் கறுப்பு உடுத்துவாள் என்று கேள்விப்பட்டிருந்தோம். முகம் ரூபாய்க் காசு அளவுக்கு இருக்கும். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

சுற்றி வந்த முதலாளி அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். வருசத்தின் முதல் தாளில் தாலியறுத்தவள் ஒருத்தி தனியாக நிற்பதா, அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூச்செடி வைத்துவிடு என்று என்னிடம் சொன்னார். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். சற்று நேரம் மேஜைமேல் கிடந்த பஞ்சை உருட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதைவிட, நானும் அந்த அம்மாளைப் பார்த்தவுடன் அதையேதான் நினைத்திருந்தேன் என்பது கசந்தது.

 அக்கா மறுநாள் முழுக்க அந்த ஒரு படத்தோடேயே இருந்தாள். சாயங்காலம் பார்த்தால், அந்த அம்மாளின் உடுப்பு அரக்குச் சிவப்பில் இருந்தது. மடிப்புகளில் கறுப்பு, மேட்டில் அரக்கு. பட்டுப்போல மின்னியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அரக்குச் சேலையும் கறுப்பாகத்தான் விழும், அவிய உண்மையில் என்ன உடுத்தியிருந்தாகன்னு யாரு கண்டா என்று அக்கா முதலாளியிடமே கேட்டாள். அவர் படத்தைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். கறுப்பு போனால் சரி என்று அம்மாளை இருக்க விட்டுவிட்டார்.

சாம்பிள் தாள்கள் தயாராயின. ஏஜென்ட் வந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரோஸ் மூக்கு நாயைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கலர் ஏற்றச் சொன்னது யார் என்று கேட்டார். பழையது பழையதாகவே தெரிய வேண்டும், அந்தப் பழுப்புக்காகத்தானே அவர்கள் வாங்குகிறார்கள், தூசியையும் கீறலையும் எடுத்தால் போதும், வேறு ஒரு புல்லைக்கூடத் தொடாதீர்கள் என்றார். முதலாளி ஜனவரி அம்மாளைக் காட்டி, இவளாவது சிவப்பில் இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தார். முதல் பக்கத்துக்கு அந்த அம்மாளைத்தான் கம்பெனியே பார்த்துப் பொறுக்கியிருக்கிறதாம். கறுப்பாகவே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

மாதக்கணக்கில் செய்த வேலை ஒரு மத்தியானத்தில் ஒன்றுமில்லாமல் போனது. தூசி எடுப்பதை நாங்களே சில நாட்களில் முடித்துவிடலாம். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வார முடிவோடு அக்காவை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். பஸ்ஸில் சொன்னேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அவளுக்கு வரவில்லை.

அந்த வார முடிவில்தான் ஜனவரித் தாள் மெஷினில் ஏறியது. எந்தக் காலண்டர் ஓடினாலும் முதல் தாளை எடுத்துப் பலகையில் வைப்பார்கள். மெஷின்காரர் குங்குமத்தைத் தொட்டுப் படத்தில் இருக்கும் சாமியின் நெற்றியில் வைப்பார். முதலாளி சூடம் காட்டுவார். அதன் பிறகுதான் மெஷின் வேகம் எடுக்கும். எல்லா மேஜைக்காரர்களும் வந்து நிற்பார்கள். சொல்லாமலே தெரிந்த வழக்கப்படி அக்கா உள்ளே வரவில்லை. காகிதக் கட்டு அடுக்கிய பக்கம், வாசல் நிலைக்கு வெளியே நின்றாள்.

தாள் வந்தது. மெஷின்காரர் அதைப் பலகையில் விரித்து, குங்குமத்தில் விரலைத் தொட்டு, பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ பேசிக்கொண்டே படத்தில் இருந்த ஒரே நெற்றியில் வைத்துவிட்டார். வருசக்கணக்காக முருகனுக்கும் லட்சுமிக்கும் வைத்த விரல், யார் என்று பார்க்கவில்லை. வைத்த பிறகுதான் அவரே குனிந்து பார்த்தார். கறுப்பு உடுத்திய அம்மாள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 மெஷின்காரர் பதறிப்போய் எண்ணெய்த் துணியை எடுத்தார்.

“அழிக்காதிய அண்ணே” என்றாள் அக்கா. நிலைக்கு வெளியே இருந்துதான் சொன்னாள். குரல் உயரவில்லை. பிறகு முதலாளியைப் பார்த்து, “அவியளுக்கு வைக்கலாம்னா நான் மட்டும் எதுக்கு வெளிய நிக்கணும் அண்ணாச்சி? உள்ள வாரேன்” என்றாள்.

வந்தாள். எனக்குப் பக்கத்தில் நின்றாள். முதலாளி கையில் சூடத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. தாளுக்குக் காட்டிவிட்டு, வழக்கம்போல ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு வந்தார். எனக்கு நீட்டினார். அடுத்து அக்கா. தட்டு பின்னால் போகவில்லை. அவள் இரண்டு கையையும் சூடத்தின்மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மெஷின் ஓடத் தொடங்கியது.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றாள். வரச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. ஒரே பஸ்ஸில் போனோம். அவள் தன் மேஜையைத் துடைத்து, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து உட்கார்ந்தாள். போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பதினொரு மணி வாக்கில் முதலாளி ஒரு முருகன் படத்தோடு எங்கள் அறைக்கு வந்தார். புதிய வேலை. மயிலின் கழுத்துப் பக்கம் மூலத்தில் கீறல் விழுந்திருந்தது. யாரிடம் கொடுப்பது என்று என் மேஜைக்கும் அக்கா மேஜைக்கும் நடுவில் தயங்கி நின்றார். அக்கா எழுந்திருக்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். கொடுத்துவிட்டுப் போனார்.