ஏப்ரல் மாத ராஜினாமா

மானேஜர் நல்லதம்பியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லத் தங்கையன் வாத்தியார் பலமுறை முயன்று பார்த்திருக்கிறார். வாயில் வராது. அந்த ஆள் செத்த வீட்டுக்குப் போனபோதுகூட மாலையைப் போட்டுவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். கேட்டவர்கள் ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கையெழுத்தைப் போட வைக்க அவர் பட்ட பாடு அவர்களுக்கு எங்கே தெரியும்!

உறையூரில் ஒரு ஹைஸ்கூல். நல்லதம்பிதான் அதற்கு மானேஜர். மண்ணச்சநல்லூரில் அவருக்கு இரண்டு அரிசி ஆலைகள் இருந்தன. நெல் வரத்து நின்றால் ஆலையில் ஆட்களை நிறுத்திவிடுவார். அறுவடை வந்ததும் மறுபடி கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தையும் அந்த மனுஷன் அதே மாதிரிதான் நடத்தினார். கோடை லீவில் பையன்கள் வருவதில்லை, அப்புறம் வாத்தியாருக்கு என்ன சம்பளம்? கல்வி இலாகா கேள்வி கேட்குமே என்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். ஏப்ரல் மாதம் கடைசி வேலைநாளன்று சாயங்காலம் பன்னிரண்டு வாத்தியார்களும் ஹெட்மாஸ்டர் அறையில் கூட வேண்டும். பியூன் மருதை ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொண்டுவந்து வைப்பான். 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு இன்று முதல் என் வேலையை ராஜினாமா செய்கிறேன்' என்று அவரவர் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மானேஜருக்கு மனசு வந்தால் புது ஆர்டர் கிடைக்கும். ஒரே ஒரு தடவை, ஒரு கணக்கு வாத்தியார் எழுத மாட்டேன் என்று எழுந்து போனார். ஜூனில் அவர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார்.

தங்கையன் அங்கே சேர்ந்தது 1931-ல். இண்டர்மீடியட் பாஸ் செய்து வாத்தியார் பயிற்சியும் முடித்தவர். அவருடைய அப்பா நல்லதம்பியின் ஆலையில் நெல் அவிக்கும் கூலி. வேலை நின்ற மாதங்களில் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆலை வாசலில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவர் தங்கையன். அந்த வாசலில் நிற்கக் கூடாது என்றுதான் படித்தார். படித்தும் என்ன? அதே மனுஷனிடம், அதே மாதிரி, வருஷத்துக்கு ஒருமுறை வேலை போனது. கோடையில் காந்தி மார்க்கெட்டில் மைத்துனர் வெங்காய மண்டியில் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டு நிற்பார். சாமான் வாங்க வரும் பையன்கள், "டேய், நம்ம சார்டா" என்று கிசுகிசுப்பார்கள். வயிறு எரியும் அவருக்கு.

1935 ஜூலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். மேல் வகுப்புகளுக்குச் சரித்திரம் நடத்த பி.ஏ. படித்தவர் இல்லை, மூன்று வருஷத்துக்குள் ஒருவரை வைக்காவிட்டால் அங்கீகாரம் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து பட்டதாரி வந்தால் சட்டம் பேசுவான், ராஜினாமா எழுத மாட்டான். நல்லதம்பிக்கு அது தெரியாதா? சட்டென்று எழுந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"வேலை பாத்துக்கிட்டே படிக்கணும்னு என் ஸ்கூல் வாத்தியார் யார் வந்தாலும் நான் ஆதரிப்பேனுங்க. இதோ, தங்கையன் இருக்காரு. இவரை நான் பி.ஏ. ஆக்கிக் காட்டறேன். பாஸ் பண்ணின அன்னிக்கே சரித்திர அசிஸ்டென்ட் வேலை இவருக்குத்தான்."

இன்ஸ்பெக்டருக்கு ஒரே சந்தோஷம். அந்த வாக்கை அப்படியே விஸிட் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

வேலையில் இருக்கும் வாத்தியார்கள் காலேஜுக்குப் போகாமலே பரீட்சை எழுதலாம். ஆனால், இவர் குறைந்தது மூன்று வருஷம் இடைவிடாமல் எங்கள் பள்ளியில் வேலை பார்த்து வருகிறார் என்று மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்கு மானேஜர் சான்று தர வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வரும் ஹெட்மாஸ்டர் அழகியமணவாளன் ஃபாரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இடைவிடாமன்னு போட்டிருக்கே ஓய். நீர் நாலு தடவை ராஜினாமா பண்ணியிருக்கீரே!"

பக்கத்தில் இருந்த நல்லதம்பி சிரித்தார். "அது நமக்குள்ள. இது மெட்ராசுக்கு. குடுங்க இப்படி." பெரிதாக, சுழித்துச் சுழித்து, கையெழுத்துப் போட்டார்.

தங்கையன் இன்னொரு தாளை நீட்டினார். "தபால்ல தொலைஞ்சிட்டா என்ன பண்றதுங்க? நகல் ஒண்ணு எழுதியிருக்கேன்." மானேஜர் அதிலும் போட்டுக் கொடுத்தார். பரீட்சைக்கு மனுப் போட்ட ஒவ்வொரு வருஷமும் இப்படியே இரண்டு தாள், இரண்டு கையெழுத்து. கூலிக்காரன் மகன் அல்லவா, எதற்கும் ஒன்று கையில் இருக்கட்டும் என்ற புத்தி.

ஆதரவு என்றால் என்ன ஆதரவு என்கிறீர்கள்? அதுவரை நாளுக்கு ஐந்து பீரியட் எடுத்தவருக்கு ஏழு பீரியட் ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு வரச் சொல்லி இங்கிலீஷ் கடிதங்களை எழுத வைத்தார். "சும்மா படிச்சா வருமா? எழுதிப் பழகணுமில்ல?" என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னார். பரீட்சைக்குப் போன நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். தங்கையன் மண்டியில் வெங்காய மூட்டை மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கிலாந்து ராஜாக்களின் சண்டைகளை மனப்பாடம் செய்தார். முதல் தடவை சரித்திரம் தேறியது, இங்கிலீஷில் போய்விட்டது.

அந்த வருஷம் பள்ளி திறந்த அன்றைக்கு நடந்ததை அவர் சாகிறவரை மறக்கவில்லை. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நல்லதம்பி மேடையில் ஏறினார். "உங்க தங்கையன் சார் பி.ஏ.வில ஃபெயில்! வாத்தியாரே இப்படின்னா நீங்கள்லாம் எம்மாத்திரம்? ஒழுங்காப் படிங்கடா!" முந்நூறு பையன்களும் சிரித்தார்கள். மறுநாள் வகுப்புக் கதவில் 'பி.ஏ. ஃபெயில்' என்று சாக்குக் கட்டியால் எழுதியிருந்தது. தங்கையன் அதைத் துண்டால் துடைத்துவிட்டுப் பாடம் நடத்தினார்.

வீட்டில் அவர் மனைவி இருசம்மாள் கரித்துக்கொட்டினாள். "அந்த ஆளு நாக்கு அழுகிப்போக! நீங்க பாஸ் பண்ணுங்க. பண்ணி, அந்தக் காகிதத்தை அவரு மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வேற ஸ்கூலுக்குப் போயிடுங்க."

"எந்த ஸ்கூல்ல எனக்கு வேலை வெச்சிருக்கான்? விட்டெறியறதுக்கா நான் முழிச்சிக்கிடந்து படிக்கிறேன்? அந்தச் சரித்திர அசிஸ்டென்ட் நாற்காலியில உக்காரணும். ஒருத்தனும் என்னை எழுந்திரின்னு சொல்லக் கூடாது. அதுக்குத்தான்."

1938 மே மாதம் பத்திரிகையில் அவர் நம்பர் வந்தது. மூன்றாம் வகுப்புதான், இருக்கட்டுமே! மைத்துனர் தன் மண்டிக் கூலிகள் அத்தனை பேருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

ஜூனில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். வாசலிலேயே மருதை தலையைச் சொறிந்தான். "சார், உங்களுக்கு ஆர்டர் வரலீங்க." உள்ளே, மேல் வகுப்பான ஆறாம் பாரத்தில், சரித்திர வகுப்பு நாற்காலியில், ஒரு சின்ன வயசுக்காரர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நல்லதம்பியின் தங்கை மகனாம். மெட்ராசில் அந்த வருஷம்தான் பி.ஏ. பாஸ் செய்தவராம். ஹெட்மாஸ்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மானேஜரைப் போய்ப் பாரும் ஓய். நேக்கு மூணு பொண்ணு" என்றார்.

கொள்ளிடம் தாண்டி மண்ணச்சநல்லூர் போய்ச் சேர்வதற்குள் தங்கையனுக்குப் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆலையில் நெல் அவியும் வாசனை. அப்பாவின் வேட்டியில் வீசிய அதே வாசனை.

நல்லதம்பி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. "என்னய்யா, நீதான் ராஜினாமா எழுதிக் குடுத்திட்டியே? உன் கையெழுத்துதானே அது?"

"ஏழு வருஷமா எழுதறதுதாங்களே. ஜூன்ல கூப்பிடுவீங்க."

"கூப்பிட்டேன். இப்பக் கூப்பிடலை. அவ்வளவுதான்."

தங்கையன் சட்டைப்பையிலிருந்து அந்தச் சான்றின் நகலை எடுத்தார். "இடைவிடாம வேலையில இருக்கேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்ப ராஜினாமா எப்படிங்க செல்லும்?"

நல்லதம்பி அசரவில்லை. "ஓகோ. அந்தச் சான்று பொய், என்னை ஏமாத்தி வாங்கிட்டான்னு மெட்ராசுக்கு ஒரே ஒரு வரி எழுதினேன்னு வெச்சுக்க. உன் பி.ஏ. என்ன ஆகும் தெரியுமில்ல?"

அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான் அவர். மூன்று வருஷப் படிப்பும், பட்ட அவமானமும் ஒரு தபாலில் போய்விடும். பேசாமல் திரும்பிவிடலாம் என்றுகூடத் தங்கையன் நினைத்தார். அப்போதுதான் கவனித்தார், தன் மேல்துண்டைத் தானே இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பதை. எப்போது கட்டினார் என்றே தெரியவில்லை. அவிழ்த்துத் தோளில் போட்டார். வந்ததே கோபம்!

"எழுதுங்க! மூணு வருஷம், ஆறு கையெழுத்து. ஆறையும் ஏமாத்தியா வாங்கினேன்? அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வராரு. விஸிட் புத்தகத்தில உங்க வாக்கு இருக்கு. பொய்ச் சான்று குடுக்கற மானேஜர்னு நானே அவர்கிட்ட சொல்றேன். என் பி.ஏ. போகட்டும், கூடவே உங்க ஸ்கூலும் போகட்டும்!"

ஆலைக் கூலிகள் எட்டிப் பார்த்தார்கள். நல்லதம்பி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சரி, போ. நாளைக்கு வந்து சேரு. ஆனா ஒண்ணு. இன்ஸ்பெக்டர் வருவாரு, போயிடுவாரு. அப்புறம் ஏப்ரல் வரும். பதினோரு பேரும் எழுதுவான். நீ மட்டும் எழுதலேன்னா அன்னியோட உன்னை விரட்டிடுவேன். எழுதினியானா ஜூன்ல கூப்பிட மாட்டேன். உன் நாற்காலி பத்து மாசத்துக்குத்தான்."

மறுநாள் தங்கை மகன் மூன்றாம் பாரத்துக்குப் போனார். தங்கையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார்கள் அறையில் ஒருவரும் வாழ்த்தவில்லை. டிரில் மாஸ்டர் மீரான்தான் பட்டென்று கேட்டார்.

"உங்ககிட்ட பேப்பர் இருக்கு, மானேஜர் பயந்தாரு. எங்ககிட்ட என்ன இருக்கு சார்? ஏப்ரல்ல நாங்க எழுதித்தானே ஆகணும்?"

அறையில் இருந்த பத்துப் பேரும் அவரை முறைத்தார்கள். ஏதோ அவர்தான் ராஜினாமாவைக் கண்டுபிடித்தவர் போல! அவருக்குச் சுருக்கென்றது. சட்டைப்பையிலிருந்த நகலை எடுத்து மேஜை மேல் விரித்தார்.

"அந்தப் பேப்பர் உங்களுக்கும் கிடைக்கும்" என்றார் பிறகு. "ஆளுக்கு ரெண்டு."

ஜூலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். நல்லதம்பி தங்கையனுக்கு ரோஜா மாலை போட்டார். "நான் ஆக்கின பி.ஏ.ங்க! நேரம் குடுத்தேன், உற்சாகம் குடுத்தேன்" என்று கூசாமல் அளந்தார். தங்கையன் மாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு நின்றார்.

"வேறே யாராவது படிக்கிறார்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இருக்காங்க சார்" என்று கதவைத் திறந்தார் தங்கையன்.

முதலில் வந்தவர் அற்புதசாமி. நாலு வருஷ சர்வீஸ், மானேஜரின் தங்கை மகனை விட்டால் வாத்தியார்களில் இளையவர். "பி.ஏ. எழுதணுங்க. உங்க ஆதரவு வேணும்" என்று இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக எல்லோரும். கடைசியில் மீரான், ஐம்பது தாண்டியவர், டிரில் விசில் கழுத்தில் தொங்க.

நல்லதம்பியின் முகம் கறுத்தது. "நீ என்னய்யா படிக்கப்போறே?"

"இண்டர்மீடியட்டுங்க. யார் வந்தாலும் ஆதரிப்பேன்னு புத்தகத்திலேயே இருக்காமே?"

இன்ஸ்பெக்டர் ஒரு ஃபாரத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தார். "இடைவிடாத சேவை! பத்துப் பேருக்கும்! வாத்தியார்களை மாற்றாத பள்ளிக்கூடம் இந்த ஜில்லாவிலேயே அபூர்வம். போடுங்கள், போடுங்கள்" என்று தன் பேனாவையே நீட்டினார். நல்லதம்பி தங்கையனை ஒரு பார்வை பார்த்தார். கொன்றுவிடுகிற பார்வை. பிறகு குனிந்து, இருபது தடவை, சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். பத்தொன்பதாவதில் மை கொட்டியது.

பேனாவை மூடப் போனார். "கொஞ்சம் இருங்கோ" என்றார் ஹெட்மாஸ்டர். பதினாலு வருஷம் அந்த வெள்ளைத்தாள்களை எண்ணி வாங்கி மானேஜரிடம் சேர்த்தவர். கோட்டுப் பையிலிருந்து மடித்த தாள்கள் இரண்டை எடுத்து விரித்தார். "நேக்கும் ஒண்ணு. எம்.ஏ."

அந்தப் பதினோரு பேரில் பரீட்சைக்குப் போனவர் அற்புதசாமி ஒருவர்தான். மற்றவர்கள் புத்தகம்கூட வாங்கவில்லை. நகலை மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டினார்கள்.

1939 ஏப்ரல். கடைசி வேலைநாள் சாயங்காலம் பழக்க தோஷத்தில் பன்னிரண்டு பேரும் ஹெட்மாஸ்டர் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மணி அடித்து அரை மணி ஆயிற்று. மருதை வாசலில் வெறுங்கையோடு நின்றான்.

"பேப்பர் வரலையே ஓய்" என்று தங்கையனைப் பார்த்தார் ஹெட்மாஸ்டர்.

"வராதுங்க சார்."

"அப்போ ஆத்துக்குப் போலாமோ?"

"போலாங்க."

ஹெட்மாஸ்டர் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று, சின்னப் பையன் லீவு கேட்கிற மாதிரி திரும்பிப் பார்த்தார்.

"ஜூன்ல?"

"ஜூன்ல வந்துடுங்க சார்" என்றார் தங்கையன்.