மழையில் வரச் சொன்ன நல்லம்மா

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா பேருந்து நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் போன வாரம் ஈப்போவில் உள்ள என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக மலையில் மழையா வெயிலா என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். அன்று அதைச் சொல்லவில்லை. "சார், நம்ம நல்லம்மா காலையில தவறிட்டாங்க. மகதான் உங்களுக்குச் சொல்லச் சொன்னுச்சு" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "நாளைக்குத்தான் எடுக்கிறாங்க, நிதானமா காரு ஓட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நல்லம்மாவைத் தெரிந்தவர்கள் கேமரன் மலையில் நிறையப் பேர். அவரோடு தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்கள், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்தில் இருந்தவர்கள், கையில் போத்தலோடு ஓடையில் நிற்பவராக மட்டும் அவரைப் பார்த்தவர்கள். "அந்தத் தண்ணிக்கார அம்மா" என்று லோரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். அவர் அந்தத் தண்ணீரை எதற்கு எடுத்தார், அதனால் என்ன ஆயிற்று என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவன் நான். அதில் என் தவறும் கலந்திருப்பதால் நானே எழுதுவதுதான் முறை.

எழுபதுகளின் நடுவில் நான் ஓர் ஆய்வு நிலையத்தில் மண் பிரிவு அலுவலராக இருந்தேன். ரிங்லெட் ஊருக்குப் பக்கத்தில், மின்சாரம் எடுக்கும் அணை ஏரியில் சேறு படிந்துகொண்டிருந்தது. சேறு ஏறினால் தண்ணீருக்கு இடம் குறையும். தண்ணீர் குறைந்தால் மின்சாரம் குறையும். மணல் கலந்த தண்ணீர் இயந்திரங்களையும் தேய்க்கும். அந்தச் சேறு எந்தச் சரிவிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. தேயிலைத் தோட்டங்கள் காய்கறித் தோட்டங்களைக் காட்டின. காய்கறிக்காரர்கள் தேயிலையைக் காட்டினார்கள். ஏரிக்கு வரும் ஓடைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தோம். அவற்றில் ஒன்று ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்துக்குப் பின்னால் ஓடியது. தினமும் மாலை நான்கு மணிக்கும், மழை பெய்தால் மழையின்போதும், அந்த ஓடையில் இரண்டு இடங்களில் தண்ணீர் பிடித்து வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று தோட்டத்து மேலாளரான துரையிடம் கேட்டேன். அவர் நல்லம்மாவை அனுப்பினார். சரிவில் விழுந்து தோள் பிசகியதால் அவரால் கொழுந்துக் கூடை சுமக்க முடியவில்லை. தோட்டத்துக்குப் பயன்படாத ஆளை எனக்குக் கொடுக்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. நல்லம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

வாரம் ஒருமுறை காலையில் வருவேன். அவர் பிடித்து வைத்த போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மதியத்துக்குள் மலை இறங்கிவிடுவேன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர் அவர். ஒவ்வொரு போத்தலிலும் ஒட்டும் சீட்டில் தேதியும் நேரமும் எழுதச் சொல்லியிருந்தேன். அவற்றுக்குக் கீழே தமிழில் இன்னும் சில சொற்களைச் சின்னதாக எழுதி வைப்பார். 'லோரி ஏழு போச்சு.' 'ரோட்டு வாய்க்கால் பொங்குது.' ஒருநாள், தேதி, நேரம் மட்டும் போதும், இதெல்லாம் வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டினார். அடுத்த வாரமும் எழுதியிருந்தார். ஆய்வுக்கூடத்தில் போத்தல்களைக் கழுவும்போது அந்தச் சீட்டுகளும் ஊறிக் கிழிந்து போயின. தேதியும் நேரமும் மட்டும் எங்கள் குறிப்பேட்டில் ஏறின.

எட்டு மாதம் கழித்து ஓர் இடைக்கால அறிக்கை எழுதினேன். மேல் இடம் காட்டுக்கு அருகே இருந்தது. அங்கே தண்ணீர் தெளிவு. கீழ் இடத்தில் கலங்கல். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிந்த வெறும் மண், லயத்து மக்கள் ஓடைக்கரையில் போட்டிருந்த கீரை, பீன்ஸ், முட்டைக்கோஸ் பாத்திகள்தான். சேறு அந்தப் பாத்திகளிலிருந்து வருகிறது, அவற்றை அகற்றுவது நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று பக்க அறிக்கை. அதன் ஒரு பிரதி துரைக்குப் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து நான் போனபோது ஓடைக்கு மிக அருகே இருந்த பாத்தியைக் காணவில்லை. பீன்ஸ் கொடி ஏறிய கம்புகள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. அது நல்லம்மாவின் பாத்தி. அவருடைய வீட்டுக் குழம்புக்கான காய் பெரும்பாலும் அதிலிருந்துதான் வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கீழேயிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லித் துரை உத்தரவு போட்டிருந்தார். நல்லம்மா அந்த வாரத்துப் போத்தல்களை வழக்கம்போல வரிசையாக வைத்திருந்தார். ஒரு நாள்கூட விடவில்லை. பாத்தியைப் பிடுங்கிய அன்றைக்கான போத்தலும் இருந்தது.

 அவரே ஆரம்பித்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். மண்ணு இங்கேருந்து வரல. மேல ரோட்டுலேருந்து வருது."

பாத்திகளுக்கு மேலே, சரிவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு லோரிகள் போகும் மண் சாலை ஒன்று இருந்தது. நான் அதில்தான் காரை நிறுத்துவேன். நான் சொன்ன பதிலை இன்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது. உங்கள் தோட்டம் போன வருத்தத்தில் சொல்கிறீர்கள் என்றேன்.

 ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"வருத்தம் இருக்கு சார். இல்லேன்னு சொல்லல. அதுக்காகத் தண்ணி கலர் மாறுமா?"

பிறகு, தான் பிடித்தால் எனக்குச் சந்தேகம் வரும், ஆகவே நானே பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார். "ஆனா மழையில வரணும். நீங்க ஒரு நாளும் மழையில வந்ததில்ல."

உண்மைதான். கேமரன் மலையில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இறங்கும். அதற்குள் நான் மலையிலிருந்து இறங்கும் தாப்பா சாலையில் பாதி வழி போயிருப்பேன். மழையால் மண் எப்படிப் போகிறது என்று எட்டு மாதம் ஆராய்ந்த நான், அந்தச் சரிவில் ஒரு மழையைக்கூட நின்று பார்த்ததில்லை.

அடுத்த வாரம் தானா ராத்தாவில் அறை எடுத்துத் தங்கினேன். முதல் நாள் மழை இல்லை. இரண்டாம் நாள் மூன்று மணிக்குக் கொட்டியது. நல்லம்மா தலையில் பிளாஸ்டிக் துணியைப் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினார். நான் பெட்டியோடு பின்னால் வழுக்கிக்கொண்டு போனேன். சாலைக்கு மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து வந்த தண்ணீரை முதலில் பிடிக்கச் சொன்னார். பிறகு சாலையின் ஓரத்து வாய்க்கால் சரிவில் விழும் இடத்துக்குக் கூட்டிப்போனார். லோரிச் சக்கரம் பதிந்த பள்ளங்களெல்லாம் அதற்குள் ஓடைகளாகி, அந்த வாய்க்காலில் வந்து விழுந்துகொண்டிருந்தன. அந்த வாய்க்கால் பாத்திகளின் ஓரமாகவே இறங்கி, நாங்கள் வழக்கமாகத் தண்ணீர் பிடிக்கும் கீழ் இடத்துக்குச் சற்று மேலே ஓடையில் கலந்தது. செடி மறைத்திருந்ததால் காய்ந்த நாளில் அது ஒரு வாய்க்கால் என்றே எனக்குத் தெரிந்ததில்லை.

போத்தல்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "மேல எடுத்தது வெறும் தேத்தண்ணி. இது பால் கோப்பி" என்றார் நல்லம்மா. எஞ்சியிருந்த பாத்திகளிலிருந்து வடியும் தண்ணீரையும் பிடிக்கச் சொன்னார். அதுவும் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருந்தது. அதை நான் ஓரமாக வைத்தபோது, "அதையும் எழுதுங்க சார். எங்க மண்ணும் போவுது. அவ்ளோ இல்ல, ஆனா போவுது" என்றார். அவர் கட்சி பேசவில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஆய்வுக்கூடத்தில் வடிகட்டி, காய வைத்து, நிறுத்துப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகும் ஆறேழு மழைகளில் போய்ப் பிடித்தேன். ஒவ்வொரு முறையும் அப்படியே வந்தது. எட்டு மாதமாக அவர் சீட்டுகளில் எழுதி அனுப்பியதும் இதைத்தான். லோரிகள் அதிகம் போன நாளில் தண்ணீர் அதிகம் கலங்குகிறது என்ற ஒரு வரிசையே அவற்றில் இருந்திருக்கும். ஒரு சீட்டுகூட மிஞ்சவில்லை.

முதல் முடிவு வந்த உடனேயே துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் நியாயமாகவே கேட்டார்: ஒரு மாதத்துக்கு முன் நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள், இப்போது நான் எந்தக் காகிதத்தை நம்புவது? முதலாவது தவறு, அதை எழுத்தில் திரும்பப் பெறுகிறேன் என்றேன். நிலையத்தில் என் மேலதிகாரி சத்தம் போட்டார். ஒரு கூலி ஆள் சொல்லி அறிக்கையை மாற்றுவதா என்றார். அவர் சொல்லி மாற்றவில்லை, நிறுத்துப் பார்த்து மாற்றுகிறேன் என்றேன். அது பாதி உண்மைதான். அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் நிறுத்துப் பார்த்திருக்கவே மாட்டேன்.

மற்றப் பாத்திகள் தப்பின. தோட்டம் சாலையோர வாய்க்காலுக்குக் கல் பதித்தது. தண்ணீர் ஒரே இடத்தில் விழாமல், இடையிடையே பிரிந்து புல் மூடிய சரிவில் பரவும்படி திருப்பிவிட்டார்கள். எல்லாம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஓடை கண்ணுக்குத் தெரியும்படி தெளிந்தது. நல்லம்மாவின் பாத்தி மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. வாய்க்காலுக்கான கற்களை அங்கேதான் கொட்டினார்கள். வேலை முடிந்த பிறகும் மிச்சக் கல் அங்கேயே கிடந்தது. நான் இரண்டு முறை துரைக்கு எழுதினேன். மூன்றாவது முறை எழுதியிருக்க வேண்டும்.

அவரை ஒரு தெய்வப் பிறவியாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. பாத்தி தப்பிய பக்கத்து வீட்டுக்காரியோடு அவர் ஆறு மாதம் பேசவில்லை. "அவ கீரையைப் பாத்தா எனக்கு எரியுது சார், என்ன செய்ய" என்று என்னிடமே சொன்னார். என் மீதும் கோபம் இருந்திருக்கும். அதைக் காட்டியதில்லை. நான் வாங்கிக்கொண்டு போன ரொட்டிப் பொட்டலத்தை மட்டும் ஒருமுறை, வேண்டாம் சார் என்று திருப்பிக் கொடுத்தார். அதன்பின் நான் எதுவும் கொண்டுபோகவில்லை.

ஆய்வு எண்பதுகளிலும் தொடர்ந்தது. ரிங்லெட், கியா பார்ம் ஊர்களுக்கு மேலே காய்கறி போடும் சீனர்களிடம் நல்லம்மாவைக் கூட்டிப்போவேன். சந்தையில் பேசிப் பழகிய அவருடைய மலாய் மொழியும் அவர்களுடைய மலாயும் சேர்ந்து, என்னால் ஒரு மணி நேரத்தில் விளக்க முடியாததைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். வயலைப் பற்றி அவர்களிடம் குறை சொல்லமாட்டார். உங்கள் லோரி எந்த வழியாக ஏறுகிறது என்றுதான் முதலில் கேட்பார்.

முதல் முழு அறிக்கை அச்சாகி வந்தபோது ஒரு பிரதி கொடுத்தேன். அவருடைய மகள் சாந்தி அப்போது தானா ராத்தா உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை நான் போனதும் நல்லம்மா கேட்டார்.

"சார், தோட்டத் தொழிலாளி ஒருத்தர் தண்ணி எடுத்தார்னு போட்டிருக்காமே. அந்த ஒருத்தர் யாரு?"

 அப்படி எழுதுவது வழக்கம் என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. இரண்டாவது அறிக்கையில், மழைக்கால நீர் மாதிரிகளும் சாலை பற்றிய முதல் அவதானிப்பும் அவருடையவை என்று பெயரோடு எழுதினேன். மேலதிகாரி அந்த வரியை அடித்துவிட்டார். மறுபடி எழுதினேன். அச்சாகும் முன் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இதுல தப்பு இருந்தா என் பேருலயும்தானே வரும்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இன்னொரு மழையில பாத்துட்டு அச்சடிங்க சார்."

பார்த்தோம். அதற்கு மூன்று வாரம் காத்திருந்தோம். அறிக்கை தாமதமானதற்கு விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. அந்தக் கடிதம் வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

கடந்த ஒரு வருடமாக அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. தானா ராத்தா மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தேன். சாந்திக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்ததைச் சொன்னார். அந்தப் பிள்ளை அறிவியல்தான் சொல்லிக் கொடுக்கும் என்றார். கால் வீங்கியிருந்தது. நான் கிளம்பும்போது எழுந்து உட்கார முயன்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, உட்கார்ந்தார்.

அடக்கத்துக்குத் தோட்டமே வந்திருந்தது. ஒருகாலத்தில் அவர் ஆறு மாதம் பேசாமல் இருந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்று ஈப்போ அலுவலகத்தில் என் மேசைக்கு ஐந்து மாவட்டங்களின் நில அறிக்கைகள் வருகின்றன. இந்தச் சரிவைக் காலி செய்யலாம், அந்தக் குடியிருப்பை நகர்த்தலாம் என்று எழுதியிருப்பார்கள். எழுதியவர்கள் படித்தவர்கள், நேர்மையானவர்கள், அன்றைய என்னைப் போன்றவர்கள். கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: இதனால் யாருடைய இடம் போகிறது? பெயர் சொல்லுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். தெரிந்தால், அந்த ஆளைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். அவர் தன் நன்மைக்காகத்தான் பேசுவார் என்று அவர்கள் சொல்வதுண்டு. பேசட்டும், அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்கிறேன். நல்லம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்விதான். ஒரு பீன்ஸ் பாத்தி போன பிறகு எனக்குக் கிடைத்தது அது.