முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்ட கதை

மகளின் பள்ளியில் இலக்கியத் திருவிழா நடந்தது. கதைப் போட்டியில் அவளுக்குத்தான் முதல் பரிசு. பரிசு வாங்கும் பிள்ளை கதையை மேடையில் வாசிக்க வேண்டும், அம்மாவும் அப்பாவும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். அதைக் கொண்டுவந்த ஆள் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

"பேய்க்கதையெல்லாம் வேணாம், உங்க வீட்ல கேக்குற ஒரு சத்தத்தப் பத்தி எழுதுங்க" என்று டீச்சர் சொல்லியிருந்தாராம். இவளும் அப்படியே எழுதியிருந்தாள். சாயங்காலம் தெருமுனையில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்கிறது. உடனே டிவியை அணைக்கிறார்கள். பிள்ளை கணக்கு நோட்டை விரிக்கிறது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறாள். கேட் திறக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு ராத்திரி எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த என் கணவரும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்க பொண்ணுக்கு என்னா கற்பனை சார்!" என்று டீச்சர் சிரித்தார். இவரும் சிரித்தார்.

மூன்று பேரும் வண்டியில் மூலக்குளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கேட்டை அவர் மெதுவாக, துளிகூடச் சத்தம் வராமல் திறந்தார். அப்படித் திறந்து நான் பார்த்ததே இல்லை.

உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கதைய எடு கண்ணு" என்றார். "இன்னொரு வாட்டி படிச்சிக் காட்டு."